கயிறில்லாத பேனா

மேலே காற்று எப்படி சார் என்று விமானிகள் அறையில் பாவ்னா கேட்டாள். தென்மேற்கு, வேகம் எட்டு என்று செங்கோடன் யோசிக்காமல் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் அவள் கையிலிருந்த தாளில் எழுதியே கொடுத்துவிடலாம் என்று வலது கையை இடது புஜத்துப் பைக்குக் கொண்டுபோனான். பறக்கும் உடுப்பில் பேனாவுக்கென்றே தைத்த சின்னப் பை அது. ஐந்து வருடமாக அவன் கை கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய் வரும். இன்று விரல் வெறும் துணியைத் தொட்டது. மறுபடி தொட்டான். அதற்குள் பாவ்னா தானே எழுதிக்கொண்டு, தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டுத் தேநீர் மேசைப் பக்கம் போய்விட்டாள். சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பத்தைந்து காட்டியது. பத்து நாற்பதுக்கு அவள் அதே ஹெலிகாப்டரில், அரை மணி முன்புவரை அவன் உட்கார்ந்திருந்த அதே துணை விமானி இருக்கையில், ஓட்டப்போகிற அதே கட்டோச் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலைமேல் இருக்கிற காவல் முகாமுக்குப் போகப் போகிறாள். ஸ்குவாட்ரனில் இன்று பறக்கிற நிலையில் இருப்பது அந்த ஒன்றுதான். மார்புப் பை இரண்டிலும் பார்த்தான். தொடைப் பையில் கையுறை, மடித்த வரைபடம், காலையில் மகள் சட்டைக்காகத் தேடிக் கிடைத்த ஒரு பொத்தான். கணுக்கால் பையில் ஒன்றுமில்லை. எழுந்து நின்று உட்கார்ந்திருந்த சோபாவின் இடுக்கில் கைவிட்டான். யாரோ தின்ற கடலைத் தோல் வந்தது. என்ன தேடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பான். அப்படிச் சொல்லியிருப்போம் என்று அவனுக்கே தெரிந்தது.

பேனா தொலைவது ஒரு விஷயமா. ஊரில், கல்லூரியில், வங்கி வரிசையில் எத்தனை தொலைந்திருக்கிறது. ஆனால் விமானத்துக்குள் தொலைவது தொலைவதல்ல, உள்ளே இருப்பது. இருக்கையின் கீழே உருண்டு, விமானி காலால் மிதிக்கிற பெடலின் கீழே போய், ஒரு திருப்பத்தில் சரியாக அந்த இடுக்கில் குறுக்கே படுத்துக்கொண்டால் பெடல் நகராது. பெடல் நகராவிட்டால் ஹெலிகாப்டரின் மூக்கு சொன்ன பக்கம் திரும்பாது. மலை முகாமின் தளம் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கல்யாணப் பந்தல் அளவுதான். பயிற்சியின் முதல் மாதத்திலேயே படம் போட்டுக் காட்டிவிடுவார்கள். அதனால்தான் பேனாவைக் கயிறு போட்டு உடுப்போடு கட்ட வேண்டும் என்று விதி. அவன் பேனாவிலும் கயிறு இருந்தது. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது. அது தோள்பட்டையில் சிக்கிச் சிக்கி எரிச்சலாக வந்ததில், ஷூ அலமாரிப் பக்கம் நின்று, யாரோ வைத்திருந்த கத்தரியால் அவனே நறுக்கினான். நாளைக்கு நீளமாக ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அறுந்துபோயிற்று என்று மனசுக்குள் இப்போது ஒரு வாக்கியம் தானாக வந்து நின்றது. அறுந்துபோகவில்லை, அறுத்தாய் என்று அவனே அதைத் திருத்தினான். திருத்தியதில் ஒரு சின்னத் திருப்தி வந்தது, அந்தத் திருப்தி அருவருப்பாக இருந்தது. சரி, பேனா மேலே வந்ததா. வந்தது. அதில் சந்தேகமே இல்லை. எட்டு எழுதியது நினைவிருக்கிறது. பேனாவின் இரும்பு உடம்பு சில்லென்று விரலில் பட்டது, மை முதலில் பிடிக்காமல் ஒரு முறை வெறுமனே கீறிவிட்டு அப்புறம் எட்டின் மேல் வட்டம் விழுந்தது, கீழ் வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, எல்லாம் நினைவிருக்கிறது. அந்தத் தாள் கையில் இருந்தால் பார்த்துவிடலாம். ஆனால் இறங்கியதும் தொடையில் கட்டிக்கொள்கிற எழுதுபலகையின் தாளைக் கிழித்து, எரிப்பதற்கென்று பூட்டி வைத்திருக்கும் பெட்டியின் வாயில் போட்டாயிற்று. தினமும் போடுவது. ஆக மேலே இருந்தது, எழுதினான். அதற்கப்புறம் பைக்குள் வைத்தானா. வைத்தது போலத்தான் இருக்கிறது. வைத்தது நேற்றோ முந்தாநாளோ. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வைக்கிறவனுக்கு இன்றைக்கு வைத்ததை மட்டும் எப்படித் தனியாக எடுத்துப் பார்க்க முடியும்.

வெளியே போய்ப் பார்க்கலாம். ஓடுபாதையில் பறவை விரட்டும் பொறுப்பு அவனுடையது. விமானம் ஓட்டப் படித்து வந்தவன் வாரத்துக்கு மூன்று மணி நேரம் பறக்கிறான் என்றால் முப்பது மணி நேரம் பட்டாசு இருப்பு, மெஸ்ஸின் கரண்டிப் பட்டியல், குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது என்று எழுதிய நான்காவது கடிதம் என்று போகிறது. அந்தப் பொறுப்புக்கு இன்றைக்காவது ஒரு பிரயோஜனம். பட்டாசுப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தான். ஹெலிகாப்டரிலிருந்து அறை வரைக்கும் காலையில் நடந்து வந்த அதே தடத்தில், தலையைக் குனிந்தபடி போனான். சிமெண்ட் வெறுமையாகக் கிடந்தது. காலை வெயில் அதில் ஒரு ஊசி கிடந்தாலும் காட்டிக் கொடுக்கிற மாதிரி சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டருக்கு எரிபொருள் ஏறிக்கொண்டிருந்தது. தொழில்நுட்பப் பிரிவு வாரண்ட் ஆபீசர் பால்துரை, தென்காசிப் பக்கத்துக்காரர், தன் ஆட்களின் கருவிப் பலகையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு திருப்புளிக்கும் ஸ்பானருக்கும் அதனதன் உருவத்தைப் பலகையில் சிவப்பில் வரைந்து வைத்திருப்பார்கள். ஒன்று இல்லையென்றால் அந்தச் சிவப்பு உருவம் வெறுமையாகக் கத்தும். செங்கோடனின் அப்பா நாமக்கல்லில் முட்டை லாரிக்கு ஏற்றுகூலியாக இருந்தார். முப்பது குழி அட்டை நூறு அடுக்கினாலும் எந்த அட்டையில் ஒரு குழி காலி என்று நடந்து போகிற போக்கில் சொல்லிவிடுவார். விமானியின் உடுப்புக்குத்தான் பலகை இல்லை, குழி இல்லை. ஆபீசர் சொன்னால் சொன்னதுதான் கணக்கு. என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு என்று பால்துரை தமிழில் கேட்டார். ஒன்றுமில்லை அண்ணாச்சி, வெயில் என்றான். அவர் மேலே பார்த்தார். வெயில் அப்படியொன்றும் இல்லை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும். இருக்கை இரண்டையும் கழற்றுவார்கள், தரைத் தகட்டைத் திறப்பார்கள், குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும். பன்னிரண்டுக்கு மேல் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடும், அப்புறம் நாளைக்கு, நாளைக்கும் மூடினால் நாளன்றைக்கு. ஏற்கெனவே ஆறு நாள் மூடியிருந்து இன்றைக்குத்தான் திறந்தது. கிடங்கில் முட்டைக்கோஸ் அழுகுகிற வாடை அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. காலையில் மேலே இறங்கியபோது லீவில் போகிற ஐந்து ஜவான்கள் பைகளோடு பாறை ஓரத்தில் நின்றார்கள். முதல் நடையில் காய்ச்சல்காரர் ஒருவரையும் காலி சிலிண்டர்களையும் ஏற்ற வேண்டியிருந்ததால் இவர்களுக்கு இடமில்லை. அதில் ஒருவன், மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம், இரண்டாவது நடை உண்டா என்று விரல் இரண்டைத் தூக்கிக் கேட்டான். செங்கோடன் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். தங்கச்சி கல்யாணம், நாளை மறுநாள் என்று சிலிண்டர் ஏற்றியவர்கள் கத்திச் சொன்னார்கள். அந்தக் கட்டை விரல் இப்போது கையுறைக்குள் இருந்து அவனையே பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு பேனாவுக்காக. அதுவும், கீழே கிடக்கிறதோ இல்லையோ, பத்தில் ஒன்பது பங்கு எங்காவது ஒரு மூலையில் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். பத்தாவது பங்கு. பத்தாவது பங்கில் பாவ்னா உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் அந்த மீசை முளைக்காதவன் உட்கார்ந்திருக்கிறான். திரும்ப அறைக்குள் வந்து தண்ணீர் குடித்தான். கடிகாரம் பத்து பன்னிரண்டு. ஏன் இவ்வளவு மெதுவாகவும் ஏன் இவ்வளவு வேகமாகவும் போகிறது.

போன மாதம்தான் ஒரு நடுக்கம் இருக்கிறது என்று எழுதினான். கோளாறு இருந்தால் எழுத ஒரு புத்தகம் உண்டு, ஸ்னாக் புக் என்பார்கள். வால் பக்கம் ஒரு மெல்லிய நடுக்கம், பல்லில் தெரிகிறது என்று எழுதினான். இரண்டு நாள் விமானத்தை நிறுத்தி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவன் பெயர் ஸ்னாக் சாப், கோளாறு ஐயா. கட்டோச் சார்தான் வைத்தார். மோசமான மனிதர் இல்லை, ஹிமாசலக்காரர், எல்லோருக்கும் பெயர் வைப்பார், தனக்கே கிழட்டு ஆடு என்று வைத்துக்கொண்டவர். தேநீரில் சர்க்கரை குறைந்தால் கூட, ஸ்னாக் சாப், புத்தகத்தில் எழுதிவிடுங்கள் என்பார். அறையே சிரிக்கும், செங்கோடனும் சிரிப்பான். ஒரு நொடி தாமதமாகத்தான் சிரிப்பான், ஏனென்றால் அவர்கள் இந்தியில் சொல்வது அவனுக்கு முதலில் தமிழாகி, அப்புறம்தான் சிரிப்பாகும். எதையும் சபையில் சொல்ல வேண்டுமென்றால் மனசுக்குள் ஒரு முறை கோர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் அவன்தான். தப்பாகப் பேசினால் தன்னோடு சேர்த்து அப்பாவும் அம்மாவும் அந்த அறையில் தப்பாகப் பேசிய மாதிரி இருக்கும். வியாழக்கிழமை அவனுக்குக் கேப்டன் தகுதிச் சோதனை. அதில் தேறினால் கைப்பிள்ளை மாதிரி பக்கத்தில் உட்காருவது முடிந்து, தானே பொறுப்பேற்று ஓட்டலாம். சோதிக்கப் போவதும் கட்டோச் சார்தான். திறமை அல்ல அய்யா, நிதானம் வேண்டும், பதறுகிறவனை நம்பி என் முதுகைக் கொடுக்க மாட்டேன் என்று போன சோதனையில் இன்னொருவனை நிறுத்தி வைத்தவர். இன்னைக்கு ஓட்டினியா சாமி என்று அப்பா தினமும் சாயங்காலம் கேட்பார், டவுன் பஸ்ஸைக் கேட்கிற மாதிரி. பக்கத்துல உட்கார்ந்து போனேங்கப்பா என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை. எப்போதாவது ஓட்டுவான் என்று அவருக்குத் தெரியும்.

பத்து இருபது. பாவ்னா தலைக்கவசத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதில் ஒரு பூசைக்காரத்தனம் இருந்தது. அவளிடம் மட்டும் சொல்லலாமா, உட்காரும்போது காலடியில் பார்த்துக்கொள் என்று சாதாரணமாக. அவள் பார்ப்பாள். குனிந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் கிடந்தால் எடுத்துவிடுவாள். தெரியாத இடத்தில் கிடந்தால், பார்த்தாயிற்று என்று இரண்டு பேருக்கும் நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதிதான் எல்லாவற்றிலும் மோசமானது. கண் எரிந்தது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான், இருட்டில் சின்னச் சின்ன வெளிச்சப் புழுக்கள் நீந்தின. காலையில் டாக்டர் வழக்கம் போல நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, தூக்கம் என்று கேட்டார். நல்ல தூக்கம் சார். பறக்கும் நாள் ஒவ்வொன்றிலும் கேட்பார், ஒவ்வொன்றிலும் அதே பதில், அவர் நிமிராமலே கையெழுத்துப் போடுவார். பாப்பாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்றோ, மனைவி கோகிலவாணியும் அவனும் மாறி மாறித் தூக்கி வைத்திருந்ததில் விடியும் வரை ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம் என்றோ சொல்லியிருந்தால், இன்றைக்குப் பறக்காதே என்று சொல்லியிருப்பார். ஆறு நாளைக்கப்புறம் வானம் திறந்த நாள், பறக்க ஆள் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒதுங்கிக்கொண்டான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதுதான் கேட்கும். ஒருவேளை தூக்கமில்லாததால்தான் இந்தப் பயமா. பேனா எங்கேயாவது ஷூ அலமாரியில் இருக்கிறதோ. இல்லை, எட்டு எழுதினேன். அந்த எட்டு கண்ணுக்குள் இருக்கிறது. மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரிது. எட்டு எழுதியவன் கையில் பேனா இருந்தது, பேனா மேலே வந்தது, கீழே வரவில்லை. நினைப்பு செக்குமாடு போல அதே இடத்தைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரம் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது.

பத்து இருபத்தெட்டுக்குக் கட்டோச் சார் எழுந்து, வா மகளே, மலையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று பாவ்னாவிடம் சொன்னார். அவள் எழுந்தாள். அவளுடைய புஜத்தில் பேனாவின் வெள்ளைக் கயிறு தெரிந்தது, புதிதாகக் கட்டியது, முடிச்சு எடுப்பாக இருந்தது. செங்கோடன் மனசுக்குள் எதையும் கோர்க்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"சார், என் பேனா விமானத்துக்குள்ள விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்."

அறையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். கட்டோச் சார் திரும்பி, அவன் புஜத்தைப் பார்த்தார், அப்புறம் முகத்தை.

"நிச்சயமா?"

"கொண்டுபோனது நிச்சயம் சார். முகாம்ல காற்று எட்டுன்னு எழுதினேன். திரும்பக் கொண்டுவந்தேனாங்கிறதுதான் நிச்சயமில்ல."

"காற்றா? இன்னைக்கு மேல காற்றே இல்லையே. கொடி தொங்கிக்கிட்டுல்ல இருந்துச்சு."

அதைச் சொல்லிவிட்டு அவர் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. கயிறு எங்கே என்று கேட்டார். நான்தான் வெட்டினேன் என்றான். கட்டோச் சார் ஒரு பெருமூச்சு விட்டு, தலைக்கவசத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். "போன தடவை நடுக்கம், இந்தத் தடவை பேனா. அடுத்தது என்ன ஸ்னாக் சாப், உன் பல்லா?" என்றார். ஆனால் குரலில் விளையாட்டு இல்லை. தொலைபேசியை எடுத்து, பறப்பு ரத்து, உள்ளே தேடணும் என்று பால்துரையிடம் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் செங்கோடனுக்கு ஒரு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பது போல நடந்தது. இருக்கைகளை வெளியே தூக்கி வைத்தார்கள். விமானத்திலிருந்து பிடுங்கி வெயிலில் வைத்த இருக்கைகள் பல் மருத்துவர் வீட்டு நாற்காலிகள் போல அசட்டுத்தனமாக நின்றன. பால்துரையின் ஆட்கள் நால்வர், வியர்வை மூக்கு நுனியில் தொங்க, தகடுகளைத் திருகினார்கள். செங்கோடனும் முழங்காலிட்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெடலின் கீழே கன்னத்தை வைத்துப் பார்த்தான். எண்ணெய், தூசி, மலைமண். கொடி தொங்கிக்கொண்டிருந்தது என்றாரே. கொடியை நினைவுபடுத்திப் பார்த்தான். கொடி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது நினைக்கும்போது தொங்குகிறது, எட்டை நினைக்கும்போது படபடக்கிறது. இரண்டில் எதைப் பார்த்தேன். காற்றே இல்லாத இடத்தில் எட்டு எதற்கு எழுதினேன். பாவ்னாவிடம் எட்டு என்று அத்தனை உறுதியாகச் சொன்னேனே. பதினொன்றே முக்காலுக்கு மேகம் மலையின் கழுத்து வரை இறங்கியது. பன்னிரண்டுக்கு மலையைக் காணோம். வானொலி அறையிலிருந்து ஒருவன் வந்து, மேலே சொல்லியாகிவிட்டது, ஐந்து பேரும் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள் என்றான். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஒன்றரை மணிக்குப் பால்துரை கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமும் பார்த்தாச்சு சார், இல்லை என்றார். கிடைக்காத வரைக்கும் விமானத்தை விட முடியாது, மறுபடி முதலிலிருந்து பார்க்கணும், சாப்பிட்டுட்டு வாங்க என்றார்.

பறக்கும் நாளில் கைபேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அன்றைய பறப்பு முடிந்துதான் எடுப்பார்கள். பறப்பு முடிந்துவிட்டது என்பது பெட்டியைத் திறக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோகிலவாணியின் செய்தி காலை எட்டே காலுக்கு வந்திருந்தது. பாப்பாவுக்கு எட்டு மணி மருந்து குடுத்துட்டேனுங்க, காய்ச்சல் இறங்கிருச்சு, நிம்மதியா ஓட்டிட்டு வாங்க. பேனாவை மருந்து டப்பா மேலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. கூடவே ஒரு படம். அட்டை டப்பாவின் மேல் இரும்புப் பேனா சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், முதலில் மை பிடிக்காத ஒரு கீறல், அப்புறம் ஒரு எட்டு. மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரிது. விடிகாலை நாலு மணிக்கு முதல் மருந்தைக் கொடுத்துவிட்டு, அடுத்தது எப்போது என்று மறந்துவிடக் கூடாதே என்று சமையலறை விளக்கில் நின்று எழுதியது. பாப்பா காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதுதான் முதலில் மனசில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவன் படத்தைப் பெரிதாக்கி எட்டையே பார்த்தான். பேனா தொலைந்தது பயமாக இல்லை இப்போது. கொண்டுபோனது நிச்சயம் என்றேனே, அதுதான். சமையலறையில் எழுதிய எட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பத்தாயிரம் அடி உயரத்தில் ஒரு கொடியைப் படபடக்க வைத்துவிட்டது அவன் மண்டை. இன்று காலை அங்கே உட்கார்ந்து வேறு எதையெல்லாம் நிச்சயமாகப் பார்த்தான். எரிபொருள் முள்ளை. பாறைக்கும் விசிறிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை. கட்டோச் சார் இடைவெளி சரியா என்று கேட்டபோது, சரி சார் என்று எந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னான்.

பால்துரையிடம் போய்ப் படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், வீட்டுக்குப் போயி அத எடுத்துட்டு வந்து எங்கிட்ட குடுத்துருங்க. பெடலுக்கு அடியில கெடந்துச்சுன்னு எழுதிருதேன். எம் பயலுவளுக்கும் தேடினதுக்கு ஒரு பலன் கெடச்ச மாதிரி இருக்கும். உங்களுக்கும் வியாழக்கெழம இருக்குல்லா. நல்ல பேரு கூட வரும், சொன்னாரு, கெடச்சுதுன்னு."

அது அத்தனை நல்ல யோசனை. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பேனா உள்ளே இல்லை என்பது உண்மை, விமானம் பறக்கலாம் என்பதும் உண்மை. நடுவில் ஒரு சின்னப் பொய் மட்டும், திருகாணிக்குப் போடுகிற வாஷர் மாதிரி. கட்டோச் சாரே தோளில் தட்டிக் கொடுப்பார். டாக்டர், தூக்கம், சமையலறை, எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆட்கள் நால்வரும் சுவர் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு முழங்கை உரிந்திருந்தது. தகடு கீறியது.

"அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன் அண்ணாச்சி," என்றான். "புக்கக் குடுங்க."

பால்துரை ஸ்னாக் புக்கைக் கொண்டுவந்து மேசையில் பிரித்தார். பேனா உள்ளே விழுந்திருக்கலாம் என்று காலையில் அவனே எழுதிய பதிவுக்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது. எழுதப் பேனா இல்லை என்று கையை மறுபடி புஜத்துக்குக் கொண்டுபோகப் பார்த்து நிறுத்திக்கொண்டான். புத்தகத்தின் முதுகோடு சேர்த்துச் சணல் கயிற்றில் ஒரு பேனா கட்டியிருந்தது. பேனா உள்ளே இல்லை, என் வீட்டில் இருந்தது என்று எழுதினான். அதோடு கட்டம் முடிந்துவிட்டது, கையெழுத்துக்குத்தான் இடம் பாக்கி. அவன் கையெழுத்தைப் போடாமல் அந்த இடத்தில் இன்னொரு வரி எழுதத் தொடங்கினான். நேற்று இரவு நான் தூங்கவில்லை, தூங்கியதாகக் காலையில் டாக்டரிடம் சொன்னேன். பால்துரை பக்கத்தில் நின்று, சார் என்று ஒரு முறை மட்டும் சொன்னார். கயிறு குட்டையாக இருந்தது. நிமிர்ந்து நின்றால் பேனா தாளுக்கு எட்டவில்லை. முகம் ஏறக்குறைய மேசையைத் தொடும்வரை குனிந்துதான் அவன் அந்த வரியை முடிக்க வேண்டியிருந்தது.